ஓட்டுச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "சார், பஞ்சாயத்து எலக்சன் வந்தா தலைவருக்கு எங்க பெரியப்பா பையனும் நிக்கறேங்கறாரு, மாமனும் நிக்கறேங்கறாரு. யாருக்குப் போட்டாலும் இன்னொருத்தரு ஊட்டு விசேசத்துக்குப் போக முடியாதுங்க" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் விஷயம் சிரிப்பதற்கில்லை. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பங்காளி, மாமன் மச்சான், தெரு, சாதி என்றுதான் ஓட்டுப் பிரிகிறது. ஆறு பேர் நின்றால் நூற்றுக்கு முப்பது வாங்கியவர் தலைவராகிவிடலாம். மீதி எழுபது பேருக்கு அவர் ஐந்து வருடமும் அடுத்தவர் ஆள்தான். தண்ணீர்க் குழாய் போடும்போது அவரும் அந்த எழுபது பேரை அப்படித்தான் பார்ப்பார்.

இதற்கு ஒரு வழி நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. முத்திரை குத்தாமல், பிடித்த வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போடுவது. முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் 2 என்று யாருக்குப் போட்டிருக்கிறதோ அவர் கணக்கில் சேர்ப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இது நடக்கும்.

நான் இப்படி ஒரே ஒரு முறை ஓட்டுப் போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் மேலவை இருந்த காலத்தில் ஆசிரியர்களுக்கென்று தனித் தொகுதி இருந்தது. பட்டதாரிகளுக்கும் உண்டு. 1986 நவம்பரில் மேலவை கலைந்ததோடு அதுவும் போயிற்று. அந்த வகைத் தேர்தல்களின் விதியில் ஓர் அழகு உண்டு. எண்ணை எழுத்தால் எழுதக் கூடாது, ஆனால் நம் மொழியின் எண்ணில் எழுதலாம். 1 என்பதற்குப் பதில் 'க' என்று போட்டாலும் செல்லும்!

குடியரசுத் தலைவர் தேர்தலும் இப்படித்தான். 1969 தேர்தலை வகுப்பில் நடத்தியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். 15 பேர் போட்டி. தேவையான மதிப்பு 4,18,169. தொழிற்சங்கத் தலைவராக இருந்த வி.வி.கிரி முதல் விருப்பத்தில் பெற்றது 4,01,515. சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. மற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளின் அடுத்த விருப்பத்தைச் சேர்த்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. அடுத்த விருப்பம்தான் அந்த நாற்காலியை முடிவு செய்தது.

எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு உள்ள இந்த உரிமை நமக்கு ஏன் இல்லை? 1949 ஜனவரி 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் காஜி சையத் கரிமுதீன், மக்களவைக்கும் எண் போடும் விகிதாச்சார முறை வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுத்தார். அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, சபை பல குழுக்களாகச் சிதறி அரசு நிலைக்காது. மற்றொன்று, இந்த முறைக்கு வாக்காளர் ஒவ்வொருவருக்கும் எண்களையாவது எழுதத் தெரிந்திருக்க வேண்டும். நியாயமான பேச்சு. 1951 கணக்கெடுப்பில் நாட்டில் எழுத்தறிவு 18 சதவீதம்தான்.

ஆனால் 2011-இல் தமிழ்நாட்டில் அது 80 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. நம்ம ஊரில் பள்ளிக்கூடப் பக்கமே போகாத அம்மாக்கள்கூட பனியனை 75, 80, 85 என்று சைஸ் பிரித்து அடுக்குகிறார்கள். பீஸ் கணக்கில் ஒன்று குறைந்தால் சனிக்கிழமை சம்பளத்தன்று காண்டிராக்டரை விடமாட்டார்கள். இவர்களுக்கு 1, 2, 3 போட வராதா? அரசு கவிழும் என்ற பயமும் ஒரே ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சியில் கிடையாது. எண் போடத் தவறுவது படிக்காதவர்கள் மட்டுமல்ல என்பதற்கும் சாட்சி உண்டு. 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் செல்லாத ஓட்டுகள் 53. போட்டவர்கள் எல்லாரும் மக்கள் பிரதிநிதிகள்!

உள்ளாட்சியில் இந்த முறை புதிதும் அல்ல. அயர்லாந்தின் ஸ்லைகோ நகரில் 1919-இலேயே எண் போட்டுத்தான் நகராட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாட்டு உள்ளாட்சிகளில் இன்றும் அதுவே. கனடாவின் லண்டன் நகரம் 2018-இல் மேயரை இப்படித் தேர்ந்தெடுத்தது. இரண்டே வருடத்தில் ஒன்டாரியோ மாகாண அரசு சட்டம் போட்டு அதை நிறுத்திவிட்டது. மக்கள் குழம்பினார்கள் என்பதைவிட மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. இலங்கையில் 2024 செப்டம்பரில் அதிபர் தேர்தல் முதல்முறையாக இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனது. முதல் இருவர் தவிர்த்து மற்றவர்களுக்கு விழுந்த சுமார் 33 லட்சம் ஓட்டுகளில், அந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்த அடுத்த விருப்பங்கள் சுமார் 2,73,000 மட்டுமே. பெரும்பாலோர் ஒருவரோடு நிறுத்திக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இன்னொன்று, "ரெண்டாவது ஓட்டுக்குத் தனி ரேட் பேசுவாங்க" என்கிறார் என் வீட்டம்மா. பேசலாம்தான். ஆனால் இரண்டாவது எண் கேட்டு எதிராளியின் தெருவுக்குள்ளும் போக வேண்டியிருந்தால், மைக்கில் அந்தத் தெருவை ஏசிவிட்டு எந்த வேட்பாளரும் போக முடியாது.

மின்னணு இயந்திரம் இதற்கு இடம் கொடுக்காதே என்பீர்கள். மாநகராட்சிக்கு அந்தச் சிக்கல் உண்டு. ஊராட்சிக்கு இல்லை. 2019 டிசம்பரில் நாம் நான்கு நிறத்தில் காகிதச் சீட்டு வாங்கித்தானே குத்தினோம்? தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் மட்டும் முத்திரைக்குப் பதில் பேனா கொடுத்தால் போதும்.

டெல்லிக்குப் போகவும் வேண்டியதில்லை. ஊராட்சித் தலைவரை எந்த முறையில் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலச் சட்டமே முடிவு செய்யலாம். மேயர் தேர்தலைப் பாருங்கள். 2006-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள், 2011-இல் மக்கள், 2022-இல் மறுபடியும் கவுன்சிலர்கள். ஒவ்வொரு முறையும் சென்னையில் ஒரு சட்டத் திருத்தம், அவ்வளவுதான். 2019-இல் நாம் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வரும் கட்சிக்காரர்களிடம் கைகூப்பிவிட்டு, இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.