பாலெம்பாங் முகாமின் குரல் இசைக்குழு

பாலெம்பாங் குரல் இசைக்குழு என்பது இரண்டாம் உலகப்போரின்போது சுமத்ராவில் ஜப்பானியர் அடைத்துவைத்த வெளிநாட்டுப் பெண்கள் உருவாக்கிய பாடற்குழு. மார்கரெட் டிரைபர்க், நோரா சேம்பர்ஸ் ஆகிய இருவரின் நட்பிலிருந்து இது உருவானது.

பின்னணி

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதற்குச் சற்று முன்பு அங்கிருந்து தப்பிய கப்பல்கள் பல பங்கா நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டன அல்லது பிடிபட்டன. உயிர் பிழைத்த பிரிட்டிஷ் பெண்களும் ஆஸ்திரேலியச் செவிலியரும், சுமத்ராவில் வாழ்ந்த டச்சுப் பெண்களுடன் ஒரே முகாமில் அடைக்கப்பட்டனர். கடலில் உடைமைகளை இழந்து வந்தவர்கள் ஒருபுறம், வீட்டுப் பொருட்களில் சிலவற்றையாவது கொண்டுவந்தவர்கள் மறுபுறம் என்ற வேறுபாடு இருந்தது. மொழியும் அவர்களைப் பிரித்தது.

இருவரின் பங்கு

டிரைபர்க் 1890-இல் பிறந்தவர். சீனாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய மதப்பணியாளர், ஆசிரியர். மலாயாவில் பொறியாளர் ஒருவரின் மனைவியாக வாழ்ந்த நோரா, லண்டன் ராயல் இசைக்கழகத்தில் வயலின் பயின்றவர். முகாமில் இசைக்கருவிகள் போதிய அளவில் இல்லை. ஆகவே மேலைச் செவ்வியல் படைப்புகளை டிரைபர்க் நினைவிலிருந்து எழுதினார். இருவரும் அவற்றைப் பெண்குரல்களுக்கு ஏற்ப அமைத்தனர். பாடலுக்குச் சொற்கள் இல்லை, வெறும் ஒலிகள் மட்டுமே. அதனால் ஆங்கிலம், டச்சு என்ற வேறுபாடின்றி எல்லோராலும் சேர்ந்து பாட முடிந்தது.

1943 டிசம்பர் 27 அன்று முதல் நிகழ்ச்சி நடந்தது. நோரா குழுவை நடத்தினார். உடல் தளர்ந்திருந்த பாடகியர் அமர்ந்தபடியே பாடினர். டுவோர்ஷாக்கின் புத்துலக சிம்பொனியின் மெல்லிசைப் பகுதியும் அன்று பாடப்பட்டது. தடுக்க வந்த காவலர்கள் நின்று கேட்டதாக முகாமில் இருந்தோர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர்.

முடிவும் எச்சமும்

1944-இல் கைதிகள் பங்கா தீவின் முண்டோக்கிற்கு மாற்றப்பட்டனர். மலேரியாவும் பெரிபெரியும் பட்டினியும் பலரைக் கொன்றன. பாடகியர் ஒவ்வொருவராக இறக்க, குழு மௌனமானது. 1945 ஏப்ரலில் கைதிகள் மீண்டும் சுமத்ராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அப்பயணம் முடிந்த சில நாட்களில், ஏப்ரல் 21 அன்று, டிரைபர்க் காலமானார். நோரா விடுதலை பெற்று 1989 வரை வாழ்ந்தார்.

குழுவில் பாடிய டச்சுப் பெண் ஆன்டோனெட் கோலெய்ன் தன் கையெழுத்து இசைப்படியைப் பாதுகாத்தார். அது 1980-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது. ஆங்கிலேயப் பெண்கள் இருவர் அமைத்த இசை, டச்சுத் தோழி காத்த ஏடுகள் வழியாக மீண்டும் மேடையேறியது. 1997-இல் வெளியான ‘பாரடைஸ் ரோடு’ திரைப்படம் இந்நிகழ்வுகளைத் தழுவியது.