சமாதானப் பரிசும் காற்றின் கணக்கும்

ஆல்பிரட் நோபெல் 1895 நவம்பரில் பாரிஸ் நகரில் கையெழுத்திட்ட மரணசாசனத்தில், சமாதானப் பரிசுக்கு உரியவர் இன்னார் என்று வகுத்தபோது, தேசங்களுக்கிடையே சகோதரத்துவத்தை வளர்த்தவர், நிலைப்படைகளைக் குறைக்கவோ ஒழிக்கவோ பாடுபட்டவர், சமாதான மகாநாடுகளை நடத்தியும் பரப்பியும் உழைத்தவர் என்று லட்சணம் சொன்னாரேயன்றி, காட்டைப் பற்றியும் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆகவே 2007 அக்டோபர் 12-ஆம் தேதி, அமெரிக்காவின் முன்னாள் துணை ஜனாதிபதி ஆல் கோருக்கும், ஐ.பி.சி.சி. என்று வழங்கும் ஐ.நா. பருவநிலைக் குழுவுக்கும் அவ்வாண்டின் பரிசு சமபாகமாக அறிவிக்கப்பட்டபோது, இதற்கும் சமாதானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டது இயல்பே.

ஆனால் அந்த எல்லை அதற்கு வெகுகாலம் முன்பே விரிந்துவிட்டது. உணவுப் பிரச்சினைக்காக உழைத்த ஜான் பாய்ட் ஆர் 1949-லும், கோதுமை விளைச்சலைப் பெருக்கிய நார்மன் போர்லாக் 1970-லும் இதே பரிசைப் பெற்றனர். கென்யாவின் கிராமத்துப் பெண்களைக் கொண்டு மரக்கன்றுகளை நடுவித்தவரும், நைரோபியின் உஹுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழவிடாமல் ஆட்சியாளரை எதிர்த்து நின்றவருமான வங்காரி மாத்தாய் 2004-இல் பரிசு பெற்ற சமயத்தில், அவர் அந்நாட்டின் உதவி மந்திரியாகவும் இருந்தார்.

கரியமில வாயு பெருகிப் பூமி வெப்பமடைகிறதென்று கோர் பிரசாரம் செய்த விஷயம் அவர் கண்டுபிடித்ததன்று. ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்குக் காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. வடகோளத்து மரங்கள் தழைக்கும் மாதங்களில் இறங்கியும், இலையுதிர்ந்த மாதங்களில் ஏறியும், ஆயினும் ஆண்டுதோறும் முந்திய வருஷத்து உச்சியைக் கடந்தும் சென்ற அந்த வரைபடக் கோட்டை, கீலிங்கின் ஆராய்ச்சிக்குத் துணைநின்ற ரோஜர் ரெவெல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மாணவர்களுக்குக் காட்ட, அவர்களில் ஒருவராக அதைக் கண்ட கோர், பிற்காலத்தில் தாம் காங்கிரஸ் அங்கத்தினரானதும், தம் ஆசிரியரையே சபைக் கமிட்டி முன் சாட்சியம் கூற அழைத்தார்.

அதிகாரம் கைக்கு வந்த எட்டு ஆண்டுகளில் அவர் சாதித்தது சொற்பம். 1997 டிசம்பரில் கியோட்டோவுக்கே பறந்து சென்று பருவநிலை உடன்படிக்கைக்கு வழிகோலினார் என்பது மெய். ஆனால் அதே ஆண்டு ஜூலையில், வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத ஒப்பந்தம் வேண்டாமென்று 95-க்கு 0 என்ற வாக்கில் தீர்மானித்துவிட்ட செனட்டின் முன் அந்த உடன்படிக்கை வைக்கப்படவேயில்லை. துணை ஜனாதிபதி என்ற ஹோதாவில் அவருக்கு இந்தப் பரிசை அளித்திருந்தால் நான் ஆட்சேபித்திருப்பேன்.

பரிசுக்குரிய கோர், 2000-இல் ஃபுளோரிடாவின் 537 வாக்குகளில் ஜனாதிபதி பதவியை இழந்த பிறகு, ஊர் ஊராகப் படங்களைப் போட்டுக்காட்டிப் பேசிய மனிதர். அந்தப் பேச்சைக் கொண்டு 2006-இல் வெளிவந்த திரைப்படத்தில், வருங்காலத்தில் கரியமில வாயு எட்டப்போகும் அளவைச் சுட்டுவதற்காக, இயந்திரத் தூக்கியில் ஏறித் திரையின் உச்சிக்குச் செல்கிறாரே, அந்தக் காட்சி ஓர் அறிக்கைக்கட்டு செய்ய முடியாத காரியத்தைப் பாமரரின் மனத்தில் செய்தது. அதே படத்தில் விஞ்ஞானிகளின் பொது அபிப்பிராயத்தை மீறிய ஒன்பது கூற்றுகள் உண்டென்று, பரிசு அறிவிப்புக்கு இரண்டே நாள் முன்னர், லண்டன் உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பர்ட்டன் கூறியதையும் மறைப்பதற்கில்லை. படத்தின் அடிப்படை சரியானதே என்று அவரே ஒப்புக்கொண்டார் எனினும், நெடுங்காலத்தில் நேரக்கூடிய இருபதடிக் கடல் உயர்வை அண்மையில் வருவதுபோல் காட்டியது பிறர் உழைப்பை ஆதாரமாகக் கொண்டு பேசுபவருக்குத் தகாத குறைதான். அக்குறைக்கு ஈடு செய்வதுபோல், அளந்து பேசும் ஐ.பி.சி.சி.யை அவருக்குச் சரிபாதியாகச் சேர்த்தது நோபெல் கமிட்டியின் விவேகம்.

இருப்பினும் நோபெல் சொன்ன சகோதரத்துவத்தைக் கோரிடம் நான் காண்பது திரைப்படத்தில் அன்று. டிசம்பர் 10-ஆம் தேதி ஆஸ்லோவில் பரிசு பெற்றபோது, மிகுதியாகப் புகை கக்கும் இரு தேசங்கள், அவற்றிலும் முக்கியமாகத் தம் சொந்த தேசம், துணிந்து முன்வர வேண்டுமென்று பேசியவர், அங்கிருந்து இந்தோனேஷியாவின் பாலித் தீவுக்குச் சென்று, பல நாட்டுப் பிரதிநிதிகள் உடன்பாடு காணாது திகைத்திருந்த பருவநிலை மகாநாட்டில், இங்கே முன்னேற்றத்துக்குத் தடையாக நிற்பது பிரதானமாக என் தேசமே என்று, அத்தேசத்தின் துணை ஜனாதிபதியாக இருந்த வாயாலேயே சொன்னார்.