ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பள்ளிக் கதவைத் திறந்தது பிள்ளைகளின் வயதுதான். 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம்.

இன்று அதே வயது திடலிலும் பேசுது, பாருங்க. பள்ளிச் சேர்க்கைக்கும் 12 வயதுக்குட்பட்டோர் ஓட்டத்துக்கும் ஜனவரி 1தான் எல்லை. ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கிறாங்க. இடையில் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி. கனடாவின் பனி ஹாக்கி வீரர்களில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் என்று 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி காட்டினார். இதுவே 'சார்பு வயது விளைவு'.

அமெரிக்காவில் சில பெற்றோர் இதற்காகவே பள்ளிச் சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிப் போடுறாங்க. இங்கே 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம், அது எளிதல்ல. ஆகவே பொறுப்பு நம்முடையது. டிசம்பர்ப் பிள்ளை பின்தங்கினால் பிறந்த மாதத்தைப் பாருங்க. அடுத்த வருடமும் ஓட விடுங்க.