அரைப்பேரும் முழு உரிமையும்

மலையகத் தோட்டங்களில் ஒரு நாட்கூலியைப் ‘பேர்’ என்று வழங்குவர். குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர். பறிக்க இயலாது போனவருக்கு அரைப்பேர். மனிதரின் பெயரே அவரது கூலியாகிவிட்ட இவ்வழக்கு, தோட்ட அமைப்பு மனித உடலை எவ்வாறு மதித்தது என்பதைப் புலப்படுத்தும். அவ்வாறாயின், பேரே போடப்படாத உடலுக்கு அங்கு என்ன இடம் இருந்தது? மலையக வரலாற்றை எழுதியோர் குடியேற்றம், தொழிற்சங்கம், குடியுரிமை என்பனவற்றை விரிவாக ஆராய்ந்தனர். மாற்றுத்திறனாளிகளின் வரலாறோ அவற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. ஊவா மாகாணத்து மீரியபெத்தவை முன்னிறுத்தி அதனை ஈண்டு நோக்குவோம்.

தோட்டத்தில் உறைவிடம் உழைப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. லயக் காம்பரா தோட்டத்துக்கே உரியது. பிரட்டுக்குச் செல்லும் ஒருவர் குடும்பத்தில் உள்ளார் என்பதே அதில் வாழும் தகுதி. ஆதலின் பார்வையற்றவரும் நடக்க இயலாதவரும் தம் உரிமையாலன்றி, உழைக்கும் உறவினரைச் சார்ந்தே அக்கூரையின்கீழ் வாழ்ந்தனர். அவர்களைக் காத்தது குடும்பமே. காப்பவர் வேலைக்குச் செல்லாத நாளில் அவரது பேரும் இழக்கப்பட்டது.

சட்டம் இந்நிலையை எவ்வாறு கண்டது? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலையில் நேர்ந்த காயத்துக்கு ஈடு வழங்க வகைசெய்தது. அது பெரும் முன்னேற்றமே. ஆயினும், இழந்த உறுப்பை உழைக்கும் ஆற்றலின் இத்தனை விழுக்காடு என்றே அது அளந்தது. அரைப்பேரின் சட்டவடிவம் எனலாம். பிறவியிலேயே குறைபாடு உடையோர் அவ்வளவைக்குள் வரவேயில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்நிலையை முற்றாக நீக்கும் நோக்குடன் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. அரசிடம் உரிமை கோர முதலில் குடிமகனாதல் வேண்டுமன்றோ!

இதற்கிடையில் நாட்டின் பொதுச்சட்டம் வளர்ந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரை இயலாமையுடையோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடமளித்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் பாரபட்சத்தைத் தடைசெய்தது; பொதுக் கட்டடங்களை அணுகும் உரிமையையும் ஏற்றது. அதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், 2011 ஏப்ரல் 27 அன்று உயர் நீதிமன்றம் அவ்விதிகளைக் கடைப்பிடிக்கக் கட்டளையிட்டது. இவ்வெற்றி போற்றத்தக்கது. எனினும், நகரத்துக் கட்டடத்தின் சாய்தளத்தை அடைய, மலைச்சரிவில் வாழ்பவர் முதலில் தம் லயத்துப் படிகளைக் கடந்தாக வேண்டும்.

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று அன்று பலர் வினவினர். ‘வெளியேறுக’ என்னும் சொல் இரண்டை முன்னரே வேண்டி நிற்கிறது: நடக்கக் கால், சென்றடையக் காணி. தொழிலாளருக்குக் காலிருந்தும் காணியில்லை. நடக்க இயலாதவருக்கோ இரண்டுமில்லை. உயிர்தப்பியோர் பலர் மக்கல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கி, 2016இலேயே புதுவீடுகளைப் பெற்றனர்.

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை, இயற்கை அனர்த்தங்களில் அவர்களைப் பாதுகாத்தல் அரசின் கடமை எனக் கூறுகிறது. இலங்கை அதில் 2007இல் ஒப்பமிட்டது. ஏற்புறுதி அளித்ததோ 2016 பெப்ரவரியில். மலை சரிந்த நாளில் அக்கடமை ஒப்பத்தளவிலேயே நின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. மலையகத்தில் மாற்றுத்திறனாளியின் உரிமையும் காணியுரிமையும் வெவ்வேறல்ல. உழைப்பவரின் பேரால் மட்டும் வீடு கிடைக்கும் வரையில், உழைக்க இயலாதவர் தம் வீட்டிலேயே விருந்தினர். காணி உறுதியில் அவரது பெயரும் இடம்பெறல் வேண்டும். காதுகேளாதோருக்கும் புலப்படுமாறு எச்சரிக்கை அமைதல் வேண்டும். மீள்குடியேற்றம் திட்டமிடப்படும் அவையில் அவரும் அமர்தல் வேண்டும். கூலிப்பேரேட்டில் இடம்பெறாத அம்மனிதரின் பெயரை உரிமைப் பேரேட்டில் எழுதுவதே எஞ்சியுள்ள பணியாகும்.