புதுக்கோட்டைப் பெண்களும் பார் வைத்த சைக்கிளும்

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவுடன் மிதிவண்டிப் பயிற்சியையும் பெண்களுக்கு அளித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதில் முனைப்புக் காட்டினார். பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடானது.

ஆனால் எந்த வண்டி? 'லேடீஸ் சைக்கிள்' எனப்படும் வண்டியில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே மேல்கம்பியாகிய 'பார்' இராது. சேலையோடு எளிதாக ஏறி இறங்கலாம். திடீரெனத் தேவை பெருகியதால் அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பலர் ஆண்களின் வண்டியிலேயே பழகினர். அதன் பார் சேலைக்கு இடைஞ்சல்; உயரமும் அதிகம். கால் எட்டாத சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் 'குரங்குப் பெடல்' போட்டது இந்த வண்டியில்தான்.

இருந்தும் சில பெண்கள் அதையே விரும்பிக் கேட்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். காரணம், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். ஏறுபவரின் உயரத்தையும் உடையையும் மட்டும் கருதி வண்டி வடிவமைத்தவர்களுக்கு இது தோன்றியிராது. முன்னே பாரில் குழந்தையும் பின்னே கேரியரில் தண்ணீருமாகப் பெண்கள் செல்வது அம்மாவட்டச் சாலைகளில் வழக்கமான காட்சியாயிற்று.