தோலிலிருந்து மனத்துக்கு: ஒளி மருத்துவம் வந்த வழி

விளக்கொளியை மருந்தாக்கிய நவீன மருத்துவம் கோபன்ஹேகனில் தொடங்கியது. 1896இல் நீல்ஸ் ஃபின்சென் அங்கே ஒளி மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவி, முகத்தை அரித்துச் சிதைக்கும் தோல் காசநோய்க்குக் கார்பன் வில்விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். 1903இல் நோபல் பரிசு பெற்ற அவர், தாமே தீரா நோயாளி; மறு ஆண்டே 43 வயதில் மறைந்தார். காசநோய்க்கு மருந்துகள் வந்ததும் அந்த விளக்குகள் ஓரங்கட்டப்பட்டன.

மனநோய்க்கு ஒளி வந்த வழி வேறு. இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கும். விலங்குகளுக்கு வெளிச்சம் காட்டினால் அது நின்றுவிடும். மனிதரிடமோ சாதாரண அறை வெளிச்சம் அதை அசைக்கவில்லை. ஆகவே மனித உடல் விதிவிலக்கு என்றே பலர் எண்ணினர். 1980இல் ஆல்ஃபிரட் லூயியும் உடனாய்வாளர்களும் 2,500 லக்ஸ் ஒளியைக் காட்டினார்கள், மெலடோனின் இறங்கியது. அதுவரை வெளிச்சம்தான் போதாமல் இருந்திருக்கிறது.

அதே காலத்தில், குளிர்காலந்தோறும் சோர்ந்து வசந்தத்தில் தெளியும் தம் மனநிலையை ஆண்டுக்கணக்கில் குறித்துவந்த ஒரு பொறியாளர் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தை நாடினார். விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் பேரொளி காட்டிக் குளிர்காலப் பகலை நீட்டினார்கள். சில நாட்களில் சோர்வு விலகியது. இவ்வரலாற்றில் அந்த நோயாளியின் குறிப்பேட்டுக்கு மருத்துவரின் ஆய்வுக்கு நிகரான இடம் உண்டு. 1984இல் நார்மன் ரோசந்தால் குழுவினர் இந்நிலையைப் பருவகால மனச்சோர்வு என விவரித்தனர். பின்னர் 10,000 லக்ஸ், காலையில் அரை மணி நேரம் என்ற அளவு வழக்கமானது.

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில் விளக்குக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவவைக்கும் இந்நோய்க்கு, அஞ்சுவதை எதிர்கொண்டு சடங்கைத் தவிர்க்கும் பயிற்சிக்கு 1966இல் லண்டனில் விக்டர் மேயர் வழிகாட்டினார். அப்பயிற்சியும் செரட்டோனின் சார்ந்த மருந்துகளுமே இன்றும் முதன்மைச் சிகிச்சை. ஆயினும் இந்நோயாளிகள் பலருக்கு மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது. சிலருக்கு உறக்க நேரம் பின்னிரவுக்குத் தள்ளிப்போகிறது. காலை ஒளி உடற்கடிகாரத்தை முன்னிழுக்கும் என்பதால் அதைத் துணைச் சிகிச்சையாக ஆராய்கிறார்கள். ஆய்வுகள் சிறியவை. மாத்திரையைப் போல விளக்குக்கு எளிதில் போலி செய்ய முடியாது. ஒளியைக் கண்ணால் காணும் நோயாளியின் எதிர்பார்ப்பை விளைவிலிருந்து பிரித்தறிவது கடினம். இருமுனை மனநோய் உள்ளவருக்குப் பேரொளி மனவெழுச்சியைத் தூண்டக்கூடும். விழித்திரை நோய் உள்ளவர் கண் மருத்துவரைக் கேட்காமல் இவ்விளக்கின் முன் அமரலாகாது.