பைபோலார் நோய் பரம்பரையா வருமா? வரன் பார்க்கும்போது எழும் கேள்விக்கு பதில் இதுதான்!

கள்ளக்குறிச்சியோ, கல்வராயன் மலையோ, வரன் பார்க்கும்போது "அந்தக் குடும்பத்துல யாருக்காச்சும் மனநோய் இருக்கா?" என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்தே நோயை மறைப்பவர்களும் உண்டு.

பைபோலார் என்றால் என்ன?

அளவுக்கு மீறிய உற்சாகமும், ஆழ்ந்த மனச்சோர்வும் மாறி மாறி வருவதுதான் பைபோலார்.

மரபணுதான் காரணமா?

பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒரே ஒரு மரபணு அல்ல. 2025-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, இதோடு தொடர்புடைய 298 மரபணுப் பகுதிகளைக் கண்டறிந்தது.

பிள்ளைகளுக்கு வருமா?

பொதுவாக 100 பேரில் 1 அல்லது 2 பேருக்கு வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 100-க்கு சுமார் 10 பேர் வரை வரலாம். மீதி 90 பேருக்கு வராது.

என்ன செய்யலாம்?

மறைத்தால் சிகிச்சைதான் தள்ளிப்போகும். லித்தியம் போன்ற மருந்துகளால் நோயைக் கட்டுக்குள் வைக்கலாம். டெலி மானஸ் 14416-க்கு 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.